நாயுடன் காட்டில் ஓரிரவு: ஷெனாண்டோவா மலையில் ஹேமக் கட்டித் தங்குவது எப்படி?

முதுகுப்பையைச் சுமந்து மலையேறி, இரண்டு மரங்களுக்கு நடுவே ஹேமக் எனப்படும் தொங்கு படுக்கையைக் கட்டி, ஓரிரவு தங்கித் திரும்பும் பயணத்துக்கு நாயையும் அழைத்துச் செல்ல நினைப்பவர்கள், அது அவ்வளவு தூரம் நடக்குமா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். உடல்நலத்துடன் இருக்கும், தினமும் ஒரு மணி நேரமாவது வெளியே நடந்து பழகிய நாய்க்கு எட்டு கிலோமீட்டர் மலைப்பாதை பெரிய காரியமே அல்ல. கடினமானது இரவுதான். கூடாரத்தில் படுத்தால் நாய்க்கு நான்கு பக்கமும் துணிச்சுவராவது இருக்கும். வளர்ப்பவரின் முதுகும் பக்கத்தில் இருக்கும். ஹேமக்கில் நீங்கள் தரைக்கு மேலே தொங்குகிறீர்கள். நாய் கீழே, சுவர் இல்லாத காட்டில், மானும் கரடியும் நடமாடும் வாசனைக்கு நடுவே தனியே படுத்திருக்கிறது. ஆகவே இரவை முதலில் திட்டமிட்டுவிட்டுப் பகலை அதற்கேற்ப அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதே, வர்ஜீனியா மாநிலத்தின் ஷெனாண்டோவா தேசியப் பூங்காவில் எங்கள் மைனாவுடன் ஆறு ஆண்டுகளாகத் தங்கி வருவதில் நான் கற்றது. மைனா 22 கிலோ எடையுள்ள, குட்டை முடியுடைய, கறுப்புக் கலப்பின நாய். கீழே சொல்லும் அளவுகள் அவளைக் கொண்டு அறிந்தவை. உங்கள் நாயின் எடைக்கும் வயதுக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

எங்கே செல்வது

அமெரிக்கத் தேசியப் பூங்காக்கள் பெரும்பாலானவற்றில் நடைபாதைகளில் நாய்க்கு இடமில்லை. கிரேட் ஸ்மோக்கி மவுன்டன்ஸ் பூங்காவில் இரண்டே இரண்டு சிறிய பாதைகளில்தான் நாயை அனுமதிக்கிறார்கள். ஷெனாண்டோவா இதற்கு விலக்கு. அங்குள்ள ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நடைபாதையில் 30 கிலோமீட்டர் அளவே நாய்களுக்கு மூடப்பட்டுள்ளது. பாறைகளில் தொற்றி ஏறவேண்டிய ஓல்டு ராக், பேர்ஃபென்ஸ் மலைப் பாதைகளும், கூட்டம் மிகுந்த டார்க் ஹாலோ அருவி, ஸ்டோனி மேன், லிம்பர்லாஸ்ட் முதலிய பாதைகளும் அந்தப் பட்டியலில் வருகின்றன. மற்ற இடங்களில் 6 அடிக்கு மிகாத வாரில் கட்டி அழைத்துச் செல்லலாம். வாரை அவிழ்த்துவிட எங்கும் அனுமதியில்லை. காட்டுக்குள் இரவு தங்குவதற்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். அதை இணையத்தில் முன்கூட்டியே பெற்று, அச்சிட்டுப் பையில் வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் மலைக்குள் கைப்பேசி அலைவரிசை பல இடங்களில் கிடைக்காது.

பாதையைத் தேர்ந்தெடுப்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே: நாயின் கால் அடிபட்டால் அதைச் சுமந்துகொண்டு கார் வரை வர என்னால் முடியுமா? 22 கிலோவைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறுவது எப்படியிருக்கும் என்பதை வீட்டருகே ஒரு முறை அரை கிலோமீட்டர் நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தார்ச்சாலையிலிருந்து கால் மைலுக்குள், அதாவது 400 மீட்டருக்குள் தங்கக் கூடாது என்பது இந்தப் பூங்காவின் விதி. முதல் பயணத்தில் அந்த எல்லையைத் தாண்டியவுடனேயே தங்க இடம் பாருங்கள். நள்ளிரவில் நாய் எதற்கும் அடங்காவிட்டாலும் காருக்குத் திரும்பிவிடலாம் என்ற தெம்பு உங்களுக்கு இருக்கும். அந்த அமைதி வாரின் வழியாக நாய்க்கும் போய்ச் சேரும்.

இரண்டு மூன்று இரவுகள் பழகிய பிறகு, பூங்காவின் தென்பகுதியில் உள்ள ரிப்ராப் சுற்றுப்பாதை மிகப் பொருத்தமானது. ஸ்கைலைன் டிரைவ் சாலையின் 90ஆம் மைலில் உள்ள நிறுத்துமிடத்தில் காரை விட்டுவிட்டு, கால்வரி ராக்ஸ், சிம்னி ராக் என்ற பாறைமுனைகள் வழியாகப் பள்ளத்தாக்கில் இறங்கி, ஓடையருகே உள்ள காட்டில் தங்கி, மறுநாள் வைல்டுகேட் ரிட்ஜ் பாதையில் ஏறி, அப்பலாச்சியன் நெடும்பாதை வழியே திரும்பலாம். மொத்தம் ஏறத்தாழ 16 கிலோமீட்டர். வழியில் நாய் இறங்கி நீந்தும் அளவுக்கு ஒரு நல்ல குளமும் இருக்கிறது. மேலேயுள்ள பாறைகள் குவார்ட்சைட் வகையைச் சேர்ந்தவை. சொரசொரப்பும் கூர்மையும் உடையவை. கம்பளத்திலும் புல்லிலும் மட்டுமே நடந்த நாயின் பாதம் அங்கே தேய்ந்துவிடும் என்பதால், பயணத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்தே சரளைப் பாதைகளில் நடத்திப் பழக்க வேண்டும்.

பருவத்தைப் பொறுத்தவரை அக்டோபர் மாதமே என் தேர்வு. நாய்க்கு நம்மைப் போல உடல் முழுதும் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. ஜூலை மாதத்து ஈரப்பதத்தில் அந்த வழியும் போதாமல் போகிறது. நாயின் இயல்பான உடல்வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை. 40 டிகிரியைத் தாண்டினால் ஆபத்து. மேட்டில் ஏறும்போது நாக்கு அகன்று, நுனி சுருண்டு, எச்சில் கெட்டியாகித் தொங்கினால் உடனே நிழலில் நிறுத்தி, அடிவயிற்றையும் பாதங்களையும் நீரால் நனைக்க வேண்டும்.

வீட்டிலேயே தொடங்குங்கள்

நாய்க்குக் காட்டில் ஒரு வீடு வேண்டும். அந்த வீடு ஒரு பாய்தான். ஈரம் உறிஞ்சாத, மடக்கி எடுத்துச்செல்லும் ஃபோம் பாயை வாங்கி, பாதியாக வெட்டி, பயணத்துக்கு மூன்று வாரம் முன்பே வீட்டில் விரித்துவிடுங்கள். சாப்பாடு, தின்பண்டம், தடவிக்கொடுப்பது யாவும் அந்தப் பாயின்மேல் நடக்கட்டும். நான் “இடம்” என்று ஒரே சொல்லைச் சொல்லிப் பழக்கினேன். பத்து நாளில் மைனா அந்தச் சொல்லைக் கேட்டதும் பாயில் போய்ச் சுருண்டு படுத்தாள். அடுத்து, கொல்லையிலோ பின்கட்டிலோ ஹேமக்கைக் கட்டி, பகலில் அதில் நீங்கள் படுத்து ஆட, கீழே பாயில் நாயை இருக்கச் செய்யுங்கள். மனிதர் காற்றில் ஆடுவதை முதன்முதலாகப் பார்க்கும் நாய் குரைக்கும், தாவும், துணியைப் பல்லால் இழுக்கும். அதட்ட வேண்டாம், ஆட்டத்தை நிறுத்தி, அது அமைதியானதும் மீண்டும் தொடங்குங்கள். பிறகு இரண்டு முழு இரவுகள் விளக்கை அணைத்து அங்கேயே உறங்க வேண்டும். இந்த இரண்டு இரவுகளைத் தவிர்த்துவிட்டு நேரே காட்டுக்குப் போனவர்களில் நிம்மதியாக உறங்கியவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஹேமக் கட்டுவது

தூளி கட்டிய கைக்கு ஹேமக்கின் சூட்சுமம் உடனே பிடிபட்டுவிடும். துணியை விறைப்பாக இழுத்துக் கட்டினால் இரு ஓரங்களும் ஏறி உடலை இறுக்கும். தொய்வாக விட்டால்தான் முதுகு தளர்ந்து படுக்கும். ஹேமக்கை மரத்தில் பிணைக்கும் நாடாப் பட்டை தரைக்கு இணையான கோட்டிலிருந்து 30 டிகிரி சரிந்திருக்க வேண்டும். இந்தச் சரிவில் ஒவ்வொரு பட்டையிலும் விழும் இழுவிசை உங்கள் எடைக்குச் சமமாக இருக்கும். 75 கிலோ எடையுள்ளவருக்கு ஒவ்வொரு பக்கமும் 75 கிலோ. சரிவு 15 டிகிரியாகக் குறைந்தால் அதே எடை ஒவ்வொரு பக்கத்தையும் 145 கிலோ அளவுக்கு இழுக்கும். பட்டை அறுவதும் முடிச்சு நழுவுவதும் பெரும்பாலும் இந்த விறைப்பால் நேர்பவையே. கீழே நாய் படுத்திருக்கும்போது இது உங்கள் இடுப்போடு முடிகிற விஷயம் அல்ல.

11 அடி நீள ஹேமக்குக்கு 12 முதல் 15 அடி இடைவெளியுள்ள இரு மரங்கள் வேண்டும். பட்டையின் அகலம் குறைந்தது ஓர் அங்குலமாவது இருக்கட்டும். மெல்லிய கயிறு மரப்பட்டையை அறுத்து மரத்தைக் காயப்படுத்தும். உட்கார்ந்தால் துணி தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்க வேண்டும். படுக்கும்போது நேராகப் படுக்காமல், தலை ஒரு பக்கமும் கால் மறுபக்கமுமாகக் குறுக்கே சாய்ந்து படுத்தால் உடல் வாழைப்பழம்போல் வளையாது.

மரத்தைத் தேர்வதில் ஷெனாண்டோவாவில் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மரகத வண்டு என்னும் பூச்சியால் அங்குள்ள ஆஷ் மரங்கள் ஏராளமாகச் செத்து நிற்கின்றன. அதற்கு முன்பே அசுவினி போன்ற ஒரு பூச்சி ஹெம்லாக் மரங்களைக் காவு கொண்டுவிட்டது. நிற்கும் செத்த மரம் காற்றில்லாத இரவிலும் கிளையை உதிர்க்கும். கட்டப்போகும் மரத்தை மட்டுமல்ல, விழுந்தால் உங்களை எட்டும் தூரத்தில் நிற்கும் எல்லா மரங்களையும் அண்ணாந்து பாருங்கள். இலையில்லாத உச்சி, உரிந்து தொங்கும் மரப்பட்டை, தட்டினால் கேட்கும் பொள்ளல் ஒலி ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த இடம் வேண்டாம்.

ஹேமக்கில் குளிர் கீழிருந்து வரும். உறக்கப்பையின் அடிப்பகுதி உடல் எடையால் நசுங்கி வெப்பத்தைத் தாங்கும் தன்மையை இழந்துவிடுவதால், ஹேமக்கின் வெளிப்புறம் அடியில் தொங்கவிடும் அண்டர்க்வில்ட் என்ற போர்வை அவசியம். நாய் அதன் அடியில் புகுந்து முதுகைத் தேய்க்கும் என்பதால் தரைக்கும் போர்வைக்கும் நடுவே போதிய இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேலே கட்டும் தார்ப்பாய் இருவருக்கும் கூரையாக வேண்டும். 3 மீட்டர் அகலமாவது இல்லாவிட்டால் சாய்ந்து அடிக்கும் மழையில் நாய்தான் முதலில் நனையும்.

நாயின் படுக்கை

நாயை ஹேமக்குக்குள் ஏற்றிக்கொள்வோர் உண்டு. 5 கிலோ எடையுள்ள சிறு நாய்க்கு அது சரி. பெரிய நாயின் நகம் மெல்லிய நைலானைக் கிழித்துவிடும். அது நடுவில் எழுந்து நின்றால் படுக்கை கவிழும். அதைவிட முக்கியமாக, தானே இறங்க முடியாத இடத்தில் அடைபட்ட நாய் அஞ்சும்.

பாயை ஹேமக்கின் நேர் அடியில் போடாமல், நீங்கள் கால் இறக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், கை தொங்கவிட்டால் நாயின் தலையைத் தொடும் தூரத்தில் போடுங்கள். பட்டை அறுந்தாலும் அதன்மேல் விழமாட்டீர்கள். இருட்டில் இறங்கும்போது மிதிக்கவும் மாட்டீர்கள். கல்லையும் குச்சியையும் பொறுக்கிவிட்டு, காய்ந்த சருகைச் சிறிது குவித்து, அதன்மேல் பாயை விரிக்கலாம்.

நாயின் வாரை ஹேமக்கிலோ அதன் பட்டையிலோ ஒருபோதும் கட்டாதீர்கள். முதல் பயணத்தில் நான் அப்படித்தான் கட்டினேன். விடியலுக்கு முன் மான் ஒன்று அருகே கடந்தபோது மைனா பாய்ந்த பாய்ச்சலில் படுக்கை கவிழ்ந்து, நான் குப்புற விழுந்து, மணிக்கட்டு ஒரு மாதம் வலித்தது. தலைமாட்டு மரத்தின் அடியில் தனிப் பட்டை ஒன்றைச் சுற்றி, அதில் உலோகக் கொக்கியால் வாரை மாட்டுங்கள். வாரை நாயின் கழுத்துப்பட்டையில் பிணைக்காமல் மார்பைச் சுற்றி அணியும் ஹார்னஸில் பிணைத்தால், பாய்ந்தாலும் கழுத்து நெரிபடாது. எழுந்து திரும்பிப் படுக்க இடம் இருக்கட்டும். மரத்தைச் சுற்றிவந்து சிக்கிக்கொள்ளும் அளவுக்கு நீளம் வேண்டாம்.

குளிரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாய்க்குத்தான் முடி இருக்கிறதே என்று நானும் எண்ணியிருந்தேன். வேறோர் அக்டோபர் இரவில், இரண்டு மணி இருக்கும், கிணுகிணுவென்று மெல்லிய ஓசை ஒன்று விடாமல் கேட்டது. தொலைவில் ஏதோ பூச்சி என்று நினைத்தேன். சற்று நிற்கும், மறுபடி தொடங்கும். கையைத் தொங்கவிட்டுத் துழாவியபோது மைனாவின் முதுகு தட்டுப்பட்டது. உடம்பு முழுவதும் அதிர்ந்துகொண்டிருந்தது. அவள் கழுத்தில் இருந்த பெயர்த்தகடும் தடுப்பூசித் தகடும் நடுக்கத்தில் ஒன்றோடொன்று மோதிய ஓசைதான் அது. அவள் முனகவில்லை, எழுந்துவந்து என்னைத் தொடவும் இல்லை. “இடம்” என்று சொன்ன பாயிலேயே கிடந்து நடுங்கினாள். என் கம்பளிச் சட்டையைக் கழற்றி அவளுக்கு மாட்டி, விடியும்வரை தரையில் அவளை அணைத்தபடி உட்கார்ந்திருந்தேன். அதன்பின் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே போகும் என்று தெரிந்தால், வயிற்றையும் மூடும் நாய்ச்சட்டை ஒன்றும் மேலே போர்த்த ஒரு பழைய கம்பளியும் அவளுக்கென்று கட்டாயம் எடுத்துச்செல்கிறேன். படுக்கும் முன் முடியை நன்றாகத் துவட்டுங்கள். மாலை நான்கு மணிக்குப் பிறகு நீந்த விடாதீர்கள். நள்ளிரவில் ஒரு முறை எழுந்து காதையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சில்லிட்டிருந்தால் இன்னொரு போர்வை வேண்டும்.

உணவும் கரடியும்

நடக்கும் நாளில் மைனாவுக்கு வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு உணவு தருகிறேன். நடை முடிந்து ஒரு மணி நேரம் கழித்தே பெரிய உணவைக் கொடுக்க வேண்டும். நிறைந்த வயிற்றோடு ஓடினால் ஆழ்ந்த மார்புடைய நாய்களுக்கு வயிறு முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வீட்டில் இருக்கும் நாளிலேயே உடல் எடையில் கிலோவுக்கு 60 மில்லிலிட்டர் வரை தண்ணீர் தேவைப்படும். மலையில் இரண்டு மடங்காகக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஓடைநீரில் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி இருக்கக்கூடும் என்பதால், எனக்கு வடிகட்டும் சாயர் ஸ்க்வீஸ் வடிகட்டியிலேயே அவளுக்கும் வடிகட்டுகிறேன். ஓடையைக் கண்டதும் நாய் குனிந்து குடிப்பதை முழுவதும் தடுக்க முடியாது. ஆனால் தாகம் எடுப்பதற்கு முன்பே அரைமணிக்கு ஒரு தரம் கிண்ணத்தில் கொடுத்துவந்தால் பெரிதும் குறையும்.

உங்கள் தின்பண்டத்தை நாய்க்குப் பகிராதீர்கள். மலையேறுவோர் கொறிக்கும் கலவையில் உலர்திராட்சை, சாக்லேட், மெக்கடேமியா கொட்டை ஆகியவை இருக்கும். மூன்றும் நாய்க்கு நஞ்சு. சர்க்கரை இல்லாத சூயிங்கம் சிலவற்றில் சேர்க்கும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி மிகச் சிறிய அளவிலேயே உயிரைப் பறிக்கும்.

ஷெனாண்டோவா கருங்கரடிகள் வாழும் காடு. உணவு, தின்பண்டம், பற்பசை, நாயின் உலர் உணவு, அது நக்கிய கிண்ணம், அது சுமந்த பை என மணக்கும் அனைத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி, தரையிலிருந்து 10 அடி உயரத்தில், அடிமரத்திலிருந்து 4 அடி தள்ளி, கிளையில் தொங்கவிட வேண்டும். அல்லது கரடி திறக்க முடியாத பெட்டியில் வைக்க வேண்டும். பயிற்சிக்காகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட தின்பண்டத் துணுக்குகளைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். படுக்கும் முன் எல்லாப் பைகளையும் வெளிப்புறமாகத் திருப்பிப் பாருங்கள். கரடி எதிர்ப்பட்டால் நாயை உடலோடு சேர்த்துப் பிடித்து, உரத்துப் பேசியபடி மெல்லப் பின்வாங்க வேண்டும். வார் இல்லாத நாய் கரடியைத் துரத்தும். கரடி திரும்பினால் நாய் உங்களிடமே ஓடிவரும், கரடியும் பின்னாலேயே வரும்.

இரவில் நாய் உறுமினால் அதட்டாதீர்கள். நமக்குக் கேட்காத ஒன்றை அது நமக்கு அறிவிக்கிறது. தலைவிளக்கை ஏற்றிச் சுற்றிலும் பார்த்து, தணிந்த குரலில் பேசி, தலையில் கை வையுங்கள். பெரும்பாலும் மானாக இருக்கும். நாயின் கழிவை நீர்நிலையிலிருந்து 60 மீட்டர் தள்ளி, ஒரு சாண் ஆழத்துக்குக் குறையாமல் குழி தோண்டிப் புதையுங்கள். மண் இல்லாத பாறைப் பகுதியென்றால் பையில் கட்டி எடுத்துவந்துவிடுங்கள்.

சுமை, பாம்பு, உண்ணி

ஒன்றரை வயதுக்கு மேற்பட்ட, எலும்பு வளர்ச்சி முடிந்த நாய் தன் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைச் சுமக்கலாம். மைனா 2 கிலோவுக்கு மேல் சுமப்பதில்லை. இரு பக்கமும் எடை சமமாக இருக்க வேண்டும். பாறை இடுக்குகளில் காப்பர்ஹெட், டிம்பர் ராட்டில்ஸ்நேக் என்ற இரு நச்சுப்பாம்புகள் உண்டு. கடிபட்டால் கீறுவதும் கட்டுப் போடுவதும் கூடாது. நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் விரைய வேண்டும். அதற்காகவே நாயை முதுகில் சுமக்கும் துணித்தூக்கு ஒன்று என் பையின் அடியில் எப்போதும் இருக்கிறது. புறப்படும் முன், திரும்பும் வழியில் இரவிலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது என்று கண்டறிந்து அதன் எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

உண்ணியே எனக்கு மிகுந்த கவலை தருவது. லைம் நோயைப் பரப்பும் கறுங்கால் உண்ணி இலையுதிர் காலத்திலும் சுறுசுறுப்பாகவே இருக்கும். உண்ணிக்கான மாத்திரை, வெறிநாய்க்கடி, லெப்டோஸ்பைரோசிஸ் எனப்படும் எலிக்காய்ச்சல், லைம் ஆகியவற்றுக்கான தடுப்பூசிகள் பற்றி ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். மனிதர் பூசும் டீட் என்ற பூச்சிவிரட்டி மருந்தை நாய்மேல் பூசக் கூடாது. மாலையிலும் காலையிலும் காது மடல், கழுத்துப்பட்டைக்கு அடி, கால் இடுக்கு, விரல்களின் நடு, வால் அடி ஆகியவற்றை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். மைனாவின் கறுப்பு முடியில் கண்ணால் தேடிப் பயனில்லை. எள் போல ஏதோ நிரடினால் முடியை விலக்கிப் பார்த்து, சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுத்தெடுக்க வேண்டும். நோய்க்கிருமி உடலில் ஏறுவதற்குப் பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்பதால் தினம் இரண்டு முறை தேடுவது வீண்போகாது.

வீடு திரும்பியதும் நாயைக் குளிப்பாட்டி, இன்னொரு முறை தடவிப் பார்த்துவிட்டு, உண்ணி எடுத்த தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். லைம் நோயின் அறிகுறி நாய்க்கு இரண்டு முதல் ஐந்து மாதங்கள் கழித்தே வெளிப்படும். பிப்ரவரியில் ஒரு காலையில் நாய் காரணமில்லாமல் நொண்டினால், மருத்துவரிடம் அக்டோபர் மாதத்து அந்தத் தேதியைச் சொல்ல உங்களால் முடிய வேண்டும்.